சினிமா உடை யாருடையது? ஒரு ஹெல்மெட் வழக்கும் கோடம்பாக்கத்துக் கணக்கும்

1983 ஏப்ரலில் 'காந்தி' படத்தின் உடை வடிவமைப்புக்காக பானு அதையா ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் என்று பள்ளிக்கூட வினாடி வினாவரை அவர் பெயர் போய்விட்டது. அந்த விருது இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பது மட்டும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. இன்னொருவர் ஆங்கிலேயர் ஜான் மொல்லோ. அவருக்கு அது இரண்டாவது ஆஸ்கர். முதலாவது, 1978ல், 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காகக் கிடைத்தது.

அந்தப் படத்தில் கூட்டம் கூட்டமாக வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களின் ஹெல்மெட்டை உருவாக்கியது யார் என்ற சண்டை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை போனது. சினிமா உடை பற்றிய தகராறு என்றால் வழக்கறிஞர்கள் எடுத்துப் புரட்டும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை: உடை வடிவமைப்புக்காக விருது வாங்கிய மொல்லோ அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை. அவர் வரைந்ததா என்பதும் அங்கே முக்கியக் கேள்வி இல்லை.

ஏன் அப்படி என்று புரிந்தால், இங்கே அவ்வப்போது கிளம்பும் "அந்த டிரெஸ்ஸை டிசைன் பண்ணினது நான்தான்" சர்ச்சைகளும் பாதி புரிந்துவிடும்.

'செய்தது' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர்

சென்னையில் ஒரு பெரிய படத்தின் கதாநாயகன் உடை எப்படிப் பிறக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. இயக்குநர் ஒரு தோற்றத்தைச் சொல்கிறார். "பழைய காலத்துக் கப்பல்காரன் மாதிரி, ஆனால் அழுக்காக இருக்கணும்." இது வாய்ச்சொல். சில நேரம் கலை இயக்குநரின் ஓவியமும் கூட இருக்கும்.

2. காஸ்ட்யூம் டிசைனர் அதை ஸ்கெட்ச் ஆக்குகிறார். துணி, நிறம், வெட்டு எல்லாம் இங்கே முடிவாகின்றன. லுக் டெஸ்ட் நடக்கிறது. நடிகர் "காலர் குத்துது" என்கிறார், ஒளிப்பதிவாளர் "இந்த மஞ்சள் லைட்டில் வெளுத்துப் போகும்" என்கிறார். ஸ்கெட்ச் மாறுகிறது.

3. கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தரி வைக்கிறார். தாளில் அழகாக இருந்த தோள், உடம்பில் ஏறினால் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்வது அவர். ஆரி வேலை என்றால் கட்டையில் துணியை இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் உட்கார்ந்து நாள்கணக்கில் ஊசி போடுவார்கள். ஸ்கெட்ச்சில் 'பொன்னிறக் கொடி' என்று ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கொடி எங்கே வளைய வேண்டும், எத்தனை இலை என்று தீர்மானித்தது யார்? பெரும்பாலும் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்தான். புதுத் துணியைக் கல்லில் தேய்த்து, தேநீரில் ஊறவைத்துப் பழசாக்குவது இன்னொரு கைவேலை.

4. படப்பிடிப்பில் காஸ்ட்யூமர் பொறுப்பேற்கிறார். ஹீரோவுக்கு ஒன்று, டூப்புக்கு ஒன்று, ரத்தக் காட்சிக்கு ஒன்று, நனைவதற்கு ஒன்று என நாலைந்து பிரதி இருக்கும். எந்தக் காட்சியில் எந்தப் பொத்தான் அறுந்திருந்தது என்ற கன்டினியூட்டி அவர் தலையில். திரைப்படத் தொழிலாளர்களின் பெப்சி சம்மேளனத்தில் காஸ்ட்யூமர்களுக்கெனச் சங்கமே உண்டு.

5. தயாரிப்பாளர் பணம் கொடுக்கிறார். படம் முடிந்ததும் மூட்டை அவருடைய கோடவுனுக்குப் போகிறது.

'பொன்னியின் செல்வன்' படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடை வடிவமைப்பு ஏகா லக்கானி, நகைகள் ஐதராபாத் கிஷன்தாஸ் நிறுவனம், தயாரிப்பு வடிவமைப்பு தோட்டா தரணி. திரையில் குந்தவை திரும்பிப் பார்க்கும் ஒரு நொடியில் இந்த மூன்று பேர் வேலையும் ஒரே 'தோற்றமாக'த் தெரிகிறது. 'குந்தவை லுக்கை உருவாக்கியவர் யார்' என்று ஒருமையில் கேட்டால் அந்தக் கேள்வியே பிழை.

பெயர்ச் சண்டை வேறு, உரிமைச் சண்டை வேறு

சர்ச்சை வரும்போது இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். பெயர்ச் சண்டையில் கேள்வி, 'டைட்டில் கார்டிலும் மேடையிலும் யார் பெயர்?' உரிமைச் சண்டையில் கேள்வி, 'இதை நகலெடுத்து விற்பதை யார் தடுக்கலாம்?' முதலாவதில் ஜெயித்தவர் இரண்டாவதில் தோற்கலாம்.

பெயர்ச் சண்டைக்குப் பழைய உதாரணம் 1954ல் வந்த 'சப்ரினா'. ஆட்ரி ஹெப்பர்ன் பாரிஸ் போய் ஹூபர்ட் டி ஜிவென்ஷியின் உடைகளைத் தேர்ந்தெடுத்து வந்தார். படத்தின் அடையாளமாகிப்போன உடைகள் அவைதாம். டைட்டிலில் வந்த பெயர், பாரமவுண்ட் ஸ்டுடியோவின் எடித் ஹெட். ஆஸ்கரும் அவருக்கே. ஜிவென்ஷியின் பெயர் படத்தில் எங்கும் இல்லை. தோளில் முடிச்சுப் போட்ட அந்தக் கறுப்பு போட் நெக் உடை யாருடையது என்ற வாதம் இருவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. நம்மூர் பிளவுஸ் டெய்லர் "போட் நெக்கா மேடம்?" என்று கேட்கும்போது இந்தப் பஞ்சாயத்தெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

2010ல் 'பிளாக் ஸ்வான்' வந்தபோது இதே கதை வேறு ஆட்களோடு நடந்தது. காஸ்ட்யூம் டிசைனர் என்று பெயர் போட்டவர் ஏமி வெஸ்ட்காட். பாலே உடைகளில் சிலவற்றை வடிவமைத்த ரோடார்ட்டே என்ற ஃபேஷன் நிறுவனத்தின் சகோதரிகளுக்கே பத்திரிகைகளில் புகழ் குவிந்தது. யார் பங்கு எவ்வளவு என்று வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள்.

இரண்டிலும் நீதிமன்றத்துக்கு வேலை இருக்கவில்லை. பெயர் எப்படி வரும் என்பதை ஒப்பந்தமும் சங்க விதியும் தீர்மானிக்கின்றன. ஹெல்மெட் கதை வேறு ரகம்.

ஹெல்மெட் வழக்கு

நடந்தது இது. ஜார்ஜ் லூகாஸின் கற்பனையை ரால்ஃப் மெக்குவாரி ஓவியங்களாக வரைந்தார். அவற்றைப் பார்த்து நிக் பெம்பர்டன் என்பவர் களிமண்ணில் ஹெல்மெட் வடிவம் செய்தார். அதைப் பிளாஸ்டிக்கில் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. தென்மேற்கு லண்டனின் ட்விக்கன்ஹாமில், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சிப் படிய வைக்கும் தொழில் தெரிந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் இருந்தார். அவர் சில மாதிரிகள் செய்து காட்டினார். லூகாஸ் சரி சொன்னதும் படத்துக்காக 50 ஹெல்மெட் செய்து கொடுத்தார். இதெல்லாம் 1976ல்.

2004ல் ஐன்ஸ்வொர்த் அதே ஹெல்மெட்டுகளைத் தானே செய்து இணையத்தில் விற்கத் தொடங்கினார், மூலப் படைப்பாளியே விற்கிறார் என்ற விளம்பரத்தோடு. லூகாஸ்ஃபிலிம் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. அவர் ஆஜராகவில்லை. 2006ல் 2 கோடி டாலர் இழப்பீடு என்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் அவர் விற்றதன் மதிப்போ 30,000 டாலரைத் தாண்டாது. அந்தத் தீர்ப்பை இங்கிலாந்தில் நிறைவேற்ற முடியவில்லை. ஆகவே அங்கேயே புதிதாக வழக்கு நடந்தது.

மூன்று கேள்விகள் எழுந்தன.

1. *ஐன்ஸ்வொர்த் வடிவமைப்பாளரா?* அவர் அப்படித்தான் சொன்னார். 2008ல் உயர் நீதிமன்ற நீதிபதி மான் அதை ஏற்கவில்லை. ஓவியமும் களிமண் மாதிரியும் அவருக்கு முன்பே இருந்தன. அவருடைய பங்களிப்பில் ஏதாவது உரிமை எழுந்திருந்தாலும், வேலையின் இயல்பைப் பார்த்தால் அது படத் தயாரிப்பாளருக்குப் போய்ச் சேர வேண்டியதே என்றார்.

2. *அப்படியானால் லூகாஸ் ஜெயித்தாரா?* இல்லை. இங்கேதான் வாசகர்கள் தடுமாறுகிறார்கள். அங்குள்ள சட்டப்படி, ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பொருள் செய்வது வரைபடத்தின் காப்புரிமையை, அதாவது காப்பிரைட்டை, மீறியதாகாது, அந்தப் பொருளே ஒரு கலைப்படைப்பாக இருந்தால் தவிர. எனவே ஹெல்மெட் 'சிற்பம்' என்று நிரூபித்தாக வேண்டும். நீதிபதி மான் இதற்குச் செங்கல்லை உதாரணமாக எடுத்தார்: கலைக்கூடத்தில் இரண்டு வாரம் காட்சிக்கு வைத்த செங்கல் குவியல் சிற்பமாகலாம். அதே குவியலை வீடு கட்டுவதற்காக வாசலில் கொட்டிவைத்தால் அது சிற்பமாகாது. எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் செய்யப்பட்டது படம் எடுப்பதற்கு. கலைப்படைப்பு படம், ஹெல்மெட் அதைத் தயாரிக்க உதவிய பொருள். 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2011 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தன.

3. *அமெரிக்கக் காப்புரிமை என்ன ஆகும்?* அமெரிக்கச் சட்டத்தின் கீழான மீறலை இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவில் லூகாஸ் பக்கம் வெற்றி.

ஆக, வடிவமைத்தவர் அல்ல என்று தீர்ப்பானவர் பிரிட்டனுக்குள் ஹெல்மெட்டை விற்கலாம். உரிமை தன்னிடம்தான் என்று நம்பிய நிறுவனம் அங்கே அவரைத் தடுக்க முடியாது. தர்க்கத்தில் பிழையில்லை. ஆனாலும் களிமண்ணில் விரல் வைத்துச் செதுக்கிய ஒருவருக்கு 'இது சிற்பமல்ல, தளவாடம்' என்று கேட்க எப்படி இருந்திருக்கும்? அந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் கல்நெஞ்சோடுதான் இருக்கிறது.

இந்தியாவில்: ஐம்பதும் ஐம்பத்தொன்றும்

நம் நாட்டில் இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஓவியம், சிற்பம், வரைபடம், கலைநயமுள்ள கைவினை ஆகியவற்றைக் காக்கிறது. படைத்தவர் ஆயுள் முழுதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம், பொருள்களின்மேல் ஏற்றப்படும் வடிவம், கோலம், நிறச்சேர்க்கையைக் காக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5.

இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிக்க முடியாதபடி காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கதவடைக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்துவிட்டால் அதில் காப்புரிமை இல்லை. பதிவு செய்யத் தகுதியிருந்தும் செய்யாமல் விட்டு, அதை ஏற்றிய பொருளைத் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் காப்புரிமை அற்றுப்போகும். ஐன்ஸ்வொர்த் படத்துக்குச் செய்து கொடுத்தவை 50. நம் சட்டத்தின் கோடும் அங்கேதான். தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க வசதியான தற்செயல்.

இந்த எண்ணிக்கையில் உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ செய்தவை மட்டுமே சேரும். தி.நகரில் ஒருவர் கேட்காமல் தைத்து விற்ற ஆயிரம் துண்டு கணக்கில் வராது. ஆனால் தயாரிப்பு நிறுவனமே ஒரு ஜவுளிக்கடையோடு ஒப்பந்தம் போட்டு 'பட டிரெஸ்' என்று தீபாவளிக்கு இறக்கினால் கதை அன்றே முடிந்தது. இன்னொன்றும் இருக்கிறது: ஒரு பாட்டுக்கு 60 குரூப் டான்ஸர்களுக்கு ஒரே உடை தைத்தால்? 'தையல்காரர்கள் கையால் தைத்தது, தொழிற்சாலை உற்பத்தியல்ல' என்று வாதிடலாம். வடிவமைப்புச் சட்டத்தின் வரையறையோ கைவேலையையும் தொழில்முறையில் சேர்த்தே பேசுகிறது. ஷூட்டிங் முடிவதற்குள்ளேயே கோட்டைத் தாண்டிவிட வாய்ப்புண்டு.

ஆடை விஷயத்தில் நீதிமன்றங்கள் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்திருக்கின்றன. 'ரிது குமார்' பிராண்டை வைத்திருக்கும் நிறுவனம் 'பிபா' மீது போட்ட வழக்கில், 50க்கு மேல் போன பதிவில்லா வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்க முடியாது என்று 2016ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எது கலைப்படைப்பு, எது வடிவமைப்பு என்று பிரித்துப் பார்க்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எரிவாயு டேங்கர் வரைபடங்கள் பற்றிய கிரையோகாஸ் வழக்கில், இரண்டு படி தந்தது. முதலில், இது கலைப்படைப்பாகவே நிற்கிறதா, இல்லை அதிலிருந்து எடுத்துத் தொழில்முறையில் ஏற்றிய வடிவமைப்பா என்று பார்க்க வேண்டும். காப்புரிமைக்குத் தகாது என்றால், அதன் முதன்மை நோக்கம் பயன்பாடா, அழகா என்று பார்க்க வேண்டும். டேங்கருக்குச் சொன்னதுதான் நாளை அரச உடைக்கும் எடுத்துக்காட்டப்படும்.

சரி, பதிவு செய்துவிடலாமே? செய்யலாம். கிண்டியிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், கொல்கத்தாவில் பரிசீலிப்பார்கள். சிக்கல் நேரத்தில். முன்பே வெளியான வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர் வந்த மறுநாள் போனால் போஸ்டரே உங்களுக்கு எதிரான சாட்சி. சினிமாவில் உடை பிரபலமான பிறகுதான் அதன் மதிப்பு தெரியும். சட்டமோ பிரபலமாவதற்கு முன்பே வரச் சொல்கிறது. 'நதியா கம்மல்', 'சந்திரமுகி சேலை' என்று கடைக்காரர்கள் பெயர் சூட்டி விற்றதை யாரும் தடுக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் உரிமையாளர் யார்?

காப்புரிமை உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் இருக்கிறது?

- மாதச் சம்பளத்தில் இருப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளியே முதல் உரிமையாளர். பழைய ஸ்டுடியோக் காலத்தில் கேள்விக்கே இடமில்லாமல் போனது இதனால்தான்.

- படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் வரும் காஸ்ட்யூம் டிசைனர் ஊழியரல்ல. அவர் வரைந்த ஸ்கெட்ச் பொதுவாக அவருடையதே, எழுதிக் கொடுக்காதவரை. 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அட்வான்ஸ் வாங்கி, வாய்ப்பேச்சிலேயே ஓடும் வேலைகளில் இந்த ஒரு பிரிவு தயாரிப்பாளரைத் திகைக்க வைக்கும்.

- உரிமையை விற்றாலும், 'படைத்தவர் நான்' என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவுப்படி படைத்தவரிடமே நிற்கும். ஸ்கெட்ச்சைப் பொறுத்தவரை அவர் வரைந்தவர். "இப்படி இருக்கணும்" என்று வாயால் சொன்ன இயக்குநருக்கு இதில் இடமில்லை. வெறும் எண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பது 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவிய விதி.

2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமை தந்தது. அந்த வாசகம் 'இலக்கிய அல்லது இசைப் படைப்பு' என்றே நிற்கிறது. ஓவியம், ஸ்கெட்ச், உடை எதுவும் அதில் இல்லை. பாட்டு ஒலிக்கும் இடமெல்லாம் கவிஞருக்குப் பங்கு. அந்தப் பாட்டில் ஆடிய உடை பொம்மையாகிக் கடைக்கு வந்தால் வரைந்தவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியது மட்டுமே. மறந்துபோய் விட்ட விஷயமாக இது தெரியவில்லை. கேட்கும் அளவுக்குச் சத்தமான குரல் அந்தத் துறைக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

நட்சத்திரத்தின் நிழல்

எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியை யார் தைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அது அவருடைய முகத்தின் ஒரு பகுதி. சட்டமும் இந்தப் பக்கம் சாய்கிறது: ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், உருவம், பாணியை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2015ல் தடை விதித்தது. உடை ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டால், வடிவமைத்தவரைவிட அணிந்தவர் கை ஓங்கிவிடுகிறது.

இங்கே வழக்கு வந்தால்

சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்போது அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு செயல்படுகிறது. போய் நிற்பதற்கு இடம் இருக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அடுத்த முறை இப்படி ஒரு சர்ச்சையைப் படிக்கும்போது கீழே உள்ளவற்றைத் தேடிப் பாருங்கள்.

1. கேட்பது பெயரா, பணமா, தடையா?
2. தேதி போட்ட ஸ்கெட்ச் யாரிடம் இருக்கிறது?
3. எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? அதில் பொம்மை, ஆடை விற்பனை பற்றி வரி உண்டா?
4. ஃபர்ஸ்ட் லுக்குக்கு முன் பதிவு நடந்ததா?
5. அனுமதியோடு எத்தனை பிரதி தைக்கப்பட்டது?

இரண்டாவதில்தான் பெரும்பாலானவை உடைகின்றன. ட்விக்கன்ஹாம் வழக்கில் 1976ல் நடந்ததை 2008ல் சாட்சிகள் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. முன்பே வரைந்து வைக்கப்பட்டிருந்த மெக்குவாரியின் ஓவியங்கள் நினைவை நம்பி நிற்கவில்லை. கோடம்பாக்கத்தில் ஸ்கெட்ச் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போகிறது, திருத்தம் வாய்ஸ் மெசேஜில் வருகிறது, போன் மாற்றும்போது இரண்டும் போய்விடுகின்றன. கட்டிங் மாஸ்டரிடம் அதுவும் கிடையாது. அவரிடம் இருப்பது அளவு எழுதிய நோட்டு. அதில் நடிகர் பெயர், மார்பளவு, தோளளவு, டெலிவரி தேதி எல்லாம் இருக்கும். வெட்டியவர் பெயரை யாரும் எழுதுவதில்லை.